உருப்படி: பித்தளைக் குழல், ஒன்று

ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது
ஒரு விளம்பரத் துண்டு மட்டும்:
சனி இரவு, கடலோர ஹோட்டல், மரத்தளம் புதிது,
பென்னி சூசாவும் அவரது ஏழு பேரும்.
ஏழு பெயர்களில் இரண்டைக் கறையான் தின்றிருந்தது.

கோவாக்காரர் என்றார்கள் பம்பலப்பிட்டியில்.
இல்லை, பறங்கி, கப்பலேறிவிட்டார் என்றார்கள் தெஹிவளையில்.
மெல்பேர்ணிலிருந்து டிரம்ஸ்காரர் ஒலிவர் ஜோன்கிளாஸ்,
தொண்ணூற்றொரு வயது,
தொலைபேசியில் அவன் சப்பாத்தைப் பற்றியே பேசினார்:
கறுப்பும் வெள்ளையும், இடது அடியில் ஓட்டை,
ஆடுகிறவர்கள் கண்டுவிடாமலிருக்க
காலைத் தூக்காமலே தாளம் பிடிப்பான்.
பாட்டு?
மேசையில் விரலால் தட்டிக் காட்டினார்.
பதினான்கு விநாடி. பிறகு மகளின் குக்கர் விசில்.
என்னிடம் உள்ள ஒலிப்பதிவு அவ்வளவுதான்.

இசைத்தட்டு ஒன்றுகூட இல்லாத ஜாஸுக்கு
எதற்கம்மா வரலாறு என்றார் பேராசிரியர்.
பதில் சொல்லாமல் செட்டியார் தெருவுக்கு நடந்தேன்.
அடகுக்கடை ஒன்றை மூடுகிறார்கள்,
பேரேடுகளைக் கிலோக் கணக்கில் போடப்போகிறார்கள் என்று
யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு.
சங்கிலி, காப்பு, சங்கிலி, தையல் மெஷின், தாலிக்கொடி,
அதற்குக் கீழே கணக்குப்பிள்ளையின் சாய்ந்த எழுத்தில்
"பித்தளைக் குழல், வளைந்தது, ஒன்று.
கொச்சிக்கடை சூசைப்பிள்ளை பெனடிக்ற். ரூபா நாற்பது."

சூசா!
பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு
மேடை ஏறியிருக்கிறான்.

பிறகு பக்கம் பக்கமாக அவனே.
திங்கள் வைப்பு, வெள்ளி மீட்பு,
திங்கள் வைப்பு, வெள்ளி மீட்பு.
நான்கு நாள் இரும்புப் பெட்டியில்
யாரோ ஒருத்தியின் தோட்டுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும்,
இரண்டு இரவு ஊரை ஆட்டும்.
வெள்ளியும் மீட்காவிட்டால் ஹோட்டலில் வேலையில்லை.
புதனில் மீட்டால் எங்கோ கலியாணம்.
டிசம்பர் முழுக்க இந்தப் பக்கம் வரவேயில்லை.
கொழும்பு ஆடிய ஆட்டத்தை நான்
வட்டிக் கணக்கில் வாசித்தேன்.

கணக்குப்பிள்ளையும் மெல்லப் படிக்கிறார்:
வளைந்த குழல், வெள்ளைக்கார நாதஸ்வரம்,
சச்சபோன்,
கடைசியில் வெறுமனே
"பெனடிக்ற்றின் சாமான்."

ஐம்பத்தெட்டு மே இருபத்துமூன்று, வெள்ளி: மீட்பு.
திங்களுக்குத் திகதி போட்டிருக்கிறது.
அதன் கீழ் ஒன்றுமில்லை.
அடுத்த பதிவு ஜூன் நடுவில்:
காப்பு, சங்கிலி, காப்பு, காப்பு, காப்பு.
அவன் வரவில்லை.
எங்கே போனான் என்று தெரிந்ததுபோல
ஒரு அத்தியாயம் எழுதினேன். கிழித்தேன்.

இப்போதெல்லாம் முதல்நாள் பதிவையே திறக்கிறேன்.
குறிப்புப் பத்தியில், பென்சிலில், பொடியாக ஒரு வரி.
பொருள் பழுதோ என்று பார்க்க
அந்த ஒடுங்கின கடைக்குள், தராசுக்கு முன்னால்,
ஊதச் சொல்லியிருக்கிறார்கள்.
பென்னி சூசா பற்றி இதுவரை கிடைத்த ஒரே விமர்சனம்:

"சோதித்தது. சத்தம் வருகிறது."