ஒரு நாள், மதிய உணவு உட்பட

விடியலில் வண்டி ஏறும்போதே மிலேனா கேட்டாள்,
இன்று எத்தனை மும்பை பார்ப்போம் என்று.
தாளில் மூன்று போட்டிருக்கிறது, என்றேன்.
இயற்கை, சமயம், பண்பாடு.
தண்ணீர் பாட்டில் ஆளுக்கு இரண்டு.

சிவ்ரி.
கடல் பின்வாங்கிய சேற்றில்
எண்ணெய்க் குழாய்களுக்கும் துருவேறிய படகுகளுக்கும் நடுவே
பூநாரைகள்.
ரேஷன் கடை திறக்கக் காத்திருப்பவை போல
ஒற்றைக்காலில், ஒரே திசை பார்த்து.
எங்கிருந்து வருகின்றன, என்றார் ஓட்டகர்.
கட்ச் பக்கமிருந்து, என்றேன்.
வாடகை கேட்காத இடமாகப் பார்த்து வருகின்றன என்று
செக் மொழியில் சொல்லத் தெரியாது.
ஆங்கிலத்தில் சொல்ல மனம் வரவில்லை.

பிறகு படகு, ஒரு மணி நேரம்.
பிறகு நூற்றிருபது படிகள்.
எழுபதாவது படியில் ஓட்டகரின் எலுமிச்சை சோடாவைக்
குரங்கு வாங்கிக்கொண்டது.
மூடியைத் திருகித் திறந்து குடித்தது.
ஐந்து பேரும் கைதட்டினார்கள்.

நான் எஸ்தர்.
ஞாயிறு காலை சபையில் முதல் வரிசையில் நின்று பாடுகிறவள்.
மற்ற நாட்களில் சிவனைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்குகிறேன்.
இருவருமே இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை.
இது சீறும் முகம், இது கனியும் முகம்,
நடுவில் இருப்பது எதையும் கேட்காத முகம்.
பின்னால் இன்னொன்று உண்டு,
பாறைக்குள் இருக்கிறது, யாரும் பார்த்ததில்லை.
யாரும் பார்க்காததை எப்படிச் சொல்கிறீர்கள்,
என்றாள் மிலேனா.
பக்கவாட்டில் போய்
கதவைத் தட்டுவது போலப் பாறையைத் தட்டினாள்.
காவலர் விசில் ஊதினார்.

மூன்றரை மணி. பண்பாடு.
தாராவியில் கேமரா கூடாது, காசு கொடுக்கக் கூடாது.
அது கம்பெனிச் சட்டம்.
எங்கள் வீட்டுச் சட்டம் வேறு:
இந்த நேரத்தில் சந்தில் என்னைப் பார்த்தால்
யாருக்கும் என்னைத் தெரியாது.
முன்பு ஒருமுறை தெரிந்துபோய்
பதினோரு பேர் என் அடுப்பைப் பார்க்க வந்தார்கள்.
பருப்பு பொங்கி வழிய வழிய
அழகாக இருக்கிறது என்றார்கள்.

தோல் கிடங்கு தாண்டி, அப்பளம் காயும் கூடைகள் தாண்டி,
எதிரே ஜெபின்.
சட்டையின் மூன்றாவது பொத்தான்
காலையில் நான் தைத்தது, நூல் மட்டும் நிறம் மாறி.
ஹலோ, விச் கன்ட்ரி, என்றான்.
அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம் அங்கேயே தீர்ந்தது.

பெயர் கேளுங்களேன், என்றாள் மிலேனா.
கேட்டேன், இந்தியில், முன்பின் அறியாதவளாக.
ராக்கெட், என்றான். இமைக்கவில்லை.
ராக்கெட்டாம், என்றேன்.
அப்பா என்ன செய்கிறார்?
அதையும் நான்தான் கேட்க வேண்டியிருந்தது.
அவன் கையை மேலே நீட்டினான்.
அங்கே ஓட்டுகிறார், என்றான்.
ஐந்து பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.
கம்பிகள், நீலத் தார்ப்பாய்,
போக மிச்சமாய்க் கொஞ்சம் வானம்.
மொழிபெயர்ப்பதற்குள்
ஒருமுறை எச்சில் விழுங்க வேண்டியிருந்தது.

மிலேனா பையிலிருந்து சாக்லேட் எடுத்தாள்.
சட்டத்தில் சாக்லேட் பற்றி ஒன்றும் இல்லை.
அவன் தேங்க்யூ சொல்லி
என் முழங்கையை உரசிக்கொண்டு ஓடினான்,
கூட்டத்தில் யாரையும் உரசுவது போல.

இரவு என் தட்டுக்குக் கீழே பாதி சாக்லேட்.
உறையை விரித்து நீவிக்கொண்டிருந்தான்.
இங்கிலீஷ் மாதிரி இருக்கு, இங்கிலீஷ் இல்லை,
எழுத்துக்கு மேலே இது என்ன, என்றான்.
சில எழுத்துகளின் தலைக்கு மேல்
சின்னச் சின்னதாய்ச் சிறகு விரித்தவை.
எனக்கும் தெரியாது.
நாள் முழுக்கத் தெரிந்த மாதிரி பேசிய வாய், சும்மா இருக்கவில்லை.
பூநாரை, என்றேன்.

இங்கே இருக்கா?
ஜி.டி.பி. நகரிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன்.
கொஞ்ச நேரம் யோசித்தான்.
உறையை நான்காக மடித்தான்.
கைடுக்கு எவ்வளவு ஆகும், என்றான்.