கொசுறு

மேல்பாடிக்குக் கீழே நாலு கிலோமீட்டர்
ஆற்றில் மணல் அள்ளக்கூடாது என்றால்
யாருக்கு எவ்வளவு நஷ்டம்,
யாருக்கு எவ்வளவு லாபம்.
இரண்டு பத்தி, ஒரு மாதம்,
பயணப்படி தனி.
சத்துவாச்சாரி ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு
காட்பாடியில் பஸ் மாறினேன்.

நஷ்டம் சுலபமாக வந்தது.
நஷ்டத்துக்கு வாய் உண்டு, ரசீது உண்டு,
பிளாஸ்டிக் உறையில் மடித்துவைத்த தவணை அட்டை உண்டு.
லாரி முப்பத்தொன்று.
லோடு ஏற்றுகிறவர்கள் நூற்று நாற்பது,
சலிக்கிற பெண்கள் பதினாறு.
திருவலம் பாலத்தோரம் பரோட்டாக் கடை இரண்டு,
பஞ்சர் கடை ஒன்று.
பஞ்சர் கடை முனிரத்தினம் கேட்டார்:
"என்னையும் எழுதிக்கிட்டீங்களா?"
எழுதிக்கொண்டேன்.
"பேரு தப்பில்லாம?"
திருப்பிக் காட்டினேன்.

லாபத்துப் பத்தியில்
மணல் அயிரை.
சுண்டுவிரல் நீளம், மீசை, முதுகில் ஆறேழு பட்டை.
மிரண்டால் மணலுக்குள் புகுந்து
கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும்.
இந்த ஆற்றில் மூன்று மடுவில்தான் மிச்சம் என்று
மீன் ஆராய்கிற பையன் சொன்னான்,
முழங்கால் தண்ணீரில் நின்றபடி,
தானே தின்று தீர்த்துவிட்டவன் மாதிரி.

கிலோ என்ன விலை?
பொன்னை சந்தையில் ஏகவல்லி
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
"அயிரைய யாரு எடை போட்டா?
கெளுத்தி அரைக்கிலோ வாங்கினா
மேல ஒரு பிடி அள்ளிப் போடுவேன். கொசுறு."
போடாவிட்டால்?
"அடுத்த வாரம் வேற ஆளுகிட்ட வாங்குவாங்க."

படிவத்தில் கொசுறுக்குக் கட்டம் இல்லை.
சைபர் போட மனம் வரவில்லை.
சைபருக்கு முன்னால் ஒன்றை வைத்தால் பொய்.

அப்போதுதான் கிணறுகள் ஞாபகம் வந்தன.
மீனுக்காக மணலை விட்டால் தண்ணீர் நிற்கும்.
நின்றால் கரையோரக் கிணற்றில் ஐந்தடி ஆறடி ஏறும்.
போர் இன்னும் ஆழம் இறக்குகிற காசு மிச்சம்,
மோட்டார் காயில் மிச்சம்,
வேர்க்கடலை ஒரு போகம் கூட.
கூட்டினேன். கூட்டக் கூட்ட
சுண்டுவிரல் மீன்
லாரி நீளம் ஆனது.
நஷ்டத்தைத் தாண்டி ஏழு லட்சம்.

மேலதிகாரி தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றினார்.
"நல்லா இருக்கும்மா. ஆனா
இது மீனோட லாபமா, கிணத்தோட லாபமா?
தடுப்பணை கட்டினாலும் கிணறு ஊறும்.
மீன் எதுக்கு?"

அவர் சொன்னது சரி.
இரவல் நகை பூட்டி
பெண் பார்க்க உட்கார வைத்திருந்தேன் அதை.

கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்பு.
மேடையில் இன்னும் நேற்றைய ஜோடியின் பெயர்,
தெர்மாகோலில்.
லாரிக்காரர் ஷபீர் அகமது எழுந்தார். கத்தவில்லை.
"மீன் சாகணும்னு நான் சொல்லல.
மாசம் நாற்பத்தோராயிரம் தவணை எனக்கு.
மீனைக் காப்பாத்துறது நல்ல காரியம்னா
நல்ல காரியத்துக்கு ஊரே மொய் வைக்கணும்.
எங்கிட்ட மட்டும் ஏன் வாங்குறீங்க?"
கைதட்டியவர்களில் ஏகவல்லியும் இருந்தாள்.
நானும் தட்டியிருப்பேன்,
கையில் ஃபைல்.

ராத்திரி ஏழு லட்சத்தைக் கழற்றினேன்.
கிணற்றைக் கிணற்றின் பெயரிலேயே எழுதினேன்,
தடுப்பணைச் செலவையும் பக்கத்தில்.
யாரும் கேட்காத மூன்றாவது பத்தி ஒன்று கிழித்து
மேலே 'மொய்' என்று போட்டேன்:
அரசு, வங்கி,
வேலூரில் மாடிமேல் மாடி கட்டுகிறவர்கள்,
கெளுத்தி வாங்குகிறவர்கள், நான்.
யார் எவ்வளவு என்பதற்கு எதிரே
பென்சிலில் எழுதி, அழித்து, எழுதி,
தாள் அங்கே மெலிந்துவிட்டது.
மீனுக்கு எதிரே
ஏகவல்லி சொன்னதையே எழுதினேன்.

காலையில் டைப் அடிக்கிற புஷ்பநாதன் போன் செய்தார்.
"மேடம், பதினாலாம் வரிசையில
ஏதோ எழுத்தா இருக்குது.
இந்தக் கட்டம் நம்பர் மட்டும்தான் எடுக்கும்.
என்ன போடட்டும்?"

லைனில் இருங்கள் என்றேன்.
இன்னும் இருக்கிறார்.