ஒப்பீட்டுக்கு வந்தவள்

மைனஸ் எண்பது டிகிரியில்
உறைந்து கிடக்கிறது என் முப்பது வருட உத்தியோகம்.
பின்னிரவில் உறைபெட்டி பழுதென்று கைபேசி அலறினால்
இரவு உடைமேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு
புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஊட்ரமுக்குக் காரோட்டுவேன்.
"மறுபடி ஐஸ்பெட்டியா டாக்டர்?" என்பார் காவலர்.
ஆமாம், ஐஸ்பெட்டிதான்.

ஜுரைடா வந்தது தொண்ணூற்றாறில்.
ஜூரோங் தொழிற்சாலையில் சில்லுக்குப் பற்றவைப்பவள்.
ஃபேர்பிரைஸில் உறைமீன் எடுக்கக் கைவிட்டாளாம்,
விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்தனவாம்.
"பனியே பெய்யாத ஊரில் எனக்கு மட்டும் பனியா?"
சிரித்தபோது
கன்னத்துப் பட்டாம்பூச்சி சிறகு மடக்கியது.

துணைக்கு வந்த தங்கை நோரைனி
கேட்காமலே கையை நீட்டினாள்.
"எனக்கு ஒன்றுமில்லை.
ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே, எடுத்துக்கொள்ளுங்கள்."
குழாயில் எண்ணை ஒட்டி
பேரேட்டில் அவள் வரிசைக்கு நேரே
'நலம்' என்று எழுதினேன்.
அன்று என் கையெழுத்து அழகாக இருந்தது.

தன்வினை, பிறவினை.
உயர்நிலை இரண்டில் நான் தடுமாறிய இலக்கணம்.
நெஞ்செலும்புக்குப் பின்னாலும் ஒரு பள்ளி உண்டு,
தைமஸ் என்று பெயர்.
தான் எது, பிற எது: அணுக்களுக்கு அங்கே அதே பாடம்.
தேறாதவை அங்கேயே கொல்லப்படும்.
தேறாமலே மதிலேறிக் குதித்தவற்றைத் தேடித்தான்
இத்தனை வருடம் அலைந்தேன்.
வெயிலைச் சந்தேகித்தேன்,
பதின்வயதில் வந்துபோன காய்ச்சலை,
மாதவிலக்கை, மரபணுவின் ஓர் எழுத்தை.
என் கட்டுரைகள் யாவும் ஒரே வரியில் முடிந்தன:
மேலும் ஆய்வு தேவை.

நடைகூடத்தில் ஒருமுறை
வேறொரு பெண்ணின் தாய் வடிவுக்கரசி முனகினார்,
"எந்தப் பிறவி வினையோ."
"வினையில்லை அம்மா, புரதம்" என்று
வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.
அன்றிரவு சோறு இறங்கவில்லை.
நான் சொன்னதும் ஒரு பெயர்தானே,
காரணமில்லையே.

ஜுரைடாவின் சிறுநீரகங்கள் இரண்டாயிரத்து ஒன்றுவரை தாங்கின.

நான்கில் நோரைனி வந்தாள்.
இம்முறை துணைக்கு அல்ல.
காலையில் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத்
திருக முடியவில்லை என்றாள்.
மறுவருடம் புதுக் கருவி வந்தது.
பழைய குழாய்களை உருக்கி ஓட்டிய கியான் செங்
தாளை என் மேசையில் வைத்துவிட்டு
ஒன்றும் பேசாமல் காப்பி வாங்கப் போனான்.

அழகான கையெழுத்தில் நான் 'நலம்' என்றெழுதிய ரத்தத்தில்
அப்போதே இருந்தது எதிர்ப்பொருள்.
எட்டு வருடம் முன்னதாக வந்து,
ஒரு வலியும் தராமல்,
அவள் கல்யாணத்திலும் பிரசவத்திலும் கூட இருந்து,
காத்திருக்கிறது.

"அப்போதே தெரியுமா டாக்டர்?"
தெரியாது.
குழாய்க்குத் தெரிந்திருந்தது.
நான் கேட்கத் தெரியாமல் இருந்தேன்.
அதை அவளிடம் சொல்ல எனக்கு மூன்று சந்திப்புகள் ஆயின.
கேட்டுவிட்டு அவள்
அடுத்த மாத மாத்திரைக்குச் சீட்டுக் கேட்டாள்.

வரும் மார்ச்சில் ஓய்வு.
உறைபெட்டிச் சாவியைக் கியான் செங்கிடம் கொடுத்தாயிற்று.
நேற்று நோரைனியுடன் மகள் ஹஸ்லினா வந்திருந்தாள்,
காதில் ஒலிக்கருவி, கையில் பபிள் டீ.
"எனக்கு ஒன்றுமில்லை" என்று
கையை நீட்டினாள்.

எடுத்தேன்.
எண், தேதி, வயது இருபத்திரண்டு.
அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.
அதை
வெறுமையாகவே விட்டுவிட்டேன்.