ஏழாவது கட்டம்

என் கால் சரியாக முப்பத்தெட்டு.

ஆம்பூரில் கால்களுக்கா பஞ்சம்?
பித்தவெடிப்பில் அகன்றவை,
இரண்டாம் விரல் முந்திக்கொண்டவை,
மூன்று பிரசவத்துக்குப் பிறகு ஒரு எண் கூடியவை.
ஷூக் கட்டையைப் பார்த்து வார்த்தது போல் இருப்பது
உன்னுடையது மட்டும்தான் என்றார்
டேப்பைச் சுருட்டிக்கொண்டே முஷ்டாக் சார்.
அன்றிலிருந்து
பாதி நாள் தையல் வரிசையில்,
பாதி நாள் மலையில்.

மலையில் ஓடுவதற்கான ஷூ இது.
அங்கே லீவு எடுத்துக்கொண்டு
பணம் கட்டி ஓடுவார்களாம்.
ஏழு நாள். தங்க அறை, ராத்திரிக்கு சூப்,
பையைச் சுமந்து வர ஒரு வேன்.
"யாரு துரத்துறது?" என்று கேட்டாள் ஷமீலா.
யாரும் இல்லையாம்.
அன்று மத்தியானம் வரை
அவளால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை,
அத்தனை சிரிப்பு.

பெட்டிக்குள் வைக்கிற அட்டையில் அந்த ஊர்:
மலை, மலையின் காலடியில் ஏரி,
அதற்கப்பால் இன்னொரு மலை,
அங்கேயும் ஏரி.
ஏரி மாவட்டம் என்றே பெயராம்.
இருக்கட்டும்.
என் பஸ் ரூட்டில் மட்டும்
ஏரிக்கரை, ஏரிக்கோடி, பெரிய ஏரி
என்று மூன்று ஸ்டாப்.
மூன்றிலும் கிரிக்கெட்.

சோதனைத் தாளில் பதினொரு கட்டம்.
ஏற்றத்தில் குதிகால் கழல்கிறதா.
இறக்கத்தில் விரல் முட்டுகிறதா.
சரளை. முள். காய்ந்த பாறை.
ஏழாவது, ஈரப் பாறை.
எட்டாவது, ஈரப் புல்.
சித்திரை மாதம்,
நூற்றெட்டு டிகிரி,
கைலாசகிரிக்குப் பின்பக்கம்.

லோடு ஆட்டோ தினகரன் மூன்று குடம் கொண்டுவந்தான்.
முதல் குடத்தைப் பாறை மேல் ஊற்றி
"ஓடு, ஓடு" என்று கத்தினான்.
நான் வருவதற்குள் பாறை குடித்துவிட்டது.
இரண்டாவது குடத்துக்குக்
கொஞ்சம் கிட்டே நின்றுகொண்டேன்.
ஆடு மேய்க்கிறவர் கோலை ஊன்றி
"குடிக்கிற தண்ணியாம்மா அது?" என்றார்.
மூன்றாவது குடம் அவர் ஆடுகளுக்குப் போனது.

ஏழாவது கட்டத்தில் "நன்று" என்று எழுதினேன்.
எட்டாவதில் ஒரு கோடு.

கார்த்திகையில் பாலாறு வந்தது.
கம்பெனிக்கு இரண்டு நாள் லீவு.
ஊரே பாலத்தில் நின்று
தண்ணீரைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தது.
நான் மட்டும்,
ஏன் என்று தெரியவில்லை,
தையல் கோணியதால் கழித்துவிட்ட ஜோடியை மாட்டிக்கொண்டு
மலைக்குப் போனேன்.
தாள் இல்லை. ஸ்டாப்வாட்ச் இல்லை.
சம்பளமும் இல்லை.
துரத்துவதற்கும் யாரும் இல்லை.
ஷமீலா பார்த்திருந்தால்
இன்னொரு நாள் வேலை கெட்டிருக்கும்.

பாதி உயரத்தில் மழை விட்டது.
திரும்பிப் பார்த்தேன்:
மலை, காலடியில் ஏரி,
அதற்கப்பால் மங்கலாக இன்னொரு மலை,
அங்கேயும் ஏதோ பளபளத்தது.
ஸ்டம்பு நட்ட இடமெல்லாம் தண்ணீர்.
அட்டையைப் பிடித்துக்கொண்டு
யாரோ எனக்கு எதிரே நிற்பது போல.
அந்தச் சந்தோஷத்தில்தான் இறங்கி ஓடினேன்,
அதே பாறை மேல்.

முட்டியில் நாலு தையல்.
வேலூருக்குப் போகத் தேவையில்லை என்று
இங்கேயே போட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன்:
ஈரப் பாறையில் வழுக்குது சார்.
ரொம்ப நேரம் என் முட்டியையே பார்த்தார்.
நாலாயிரத்து இருநூறு ஜோடி
ஆவணியிலேயே கப்பலேறியாயிற்று.
"நன்றுன்னு போட்டிருக்கியேம்மா" என்றார்
மெதுவாக, கோபமே இல்லாமல்.

முகம் தெரியாத முப்பத்தெட்டாம் எண்காரியே,
இது உன் மூன்றாம் நாளாக இருக்கலாம்.
சூப்பை நினைத்துக்கொண்டு
ஏரியை நோக்கி இறங்கிக்கொண்டிருப்பாய்.
விழுந்து எழுந்த பிறகு
மிச்ச தூரத்தை நான் ஓரமாகவே வந்தேன்.
எட்டாவது கட்டம் நன்றாகப் பிடிக்கிறது.
பாறையை விட்டுவிடு.
புல்லில் மிதி.