கோடுதல்

பகலில் நான் குழாய் வரைபவள்.
தெம்பனிஸ் அடுக்குமாடி, பன்னிரண்டாம் தளம்,
கழிவுநீர் இறங்கும் வழி.
திரையில் எல்லாக் கோட்டுக்கும் ஒரே தடிமன்.
எங்கே மூச்சு விட்டேன், எங்கே தயங்கினேன்,
எதுவும் தெரியாது.
தெரியக் கூடாது, அதுதான் நேர்த்தி.

புதன் இரவு
ஜாலான் புசார், விளக்குக் கடைக்கு மேல் மூன்றாம் மாடி.
தலைக்குப் பதினெட்டு வெள்ளி, பதினோரு பேர்,
ஒரே மின்விசிறி. அது கெங் சூனுக்கு.
அவர்தான் அசையாமல் நிற்க வேண்டியவர்.

பேருந்து ஓட்டுநர்.
சட்டையைக் கழற்றி நாற்காலியில் மடித்து வைத்து
அதன்மேல் கைபேசியைக் கவிழ்த்துவிட்டு
இடது காலில் பாரத்தை இறக்கி நின்றார்.
இருபது நிமிடம்.

இரும்பு முனையை மையில் தோய்த்தேன்.
குதிகாலில் அழுத்தினேன், முனை பிளந்து கோடு தடித்தது.
கெண்டைக்கால் ஏறும்போது கை தானாக லேசானது.
இடுப்பெலும்பில் ஒரு வெட்டு.
பிடரியில் மயிரிழை;
அங்கே தாளைத் தொட்டேனா என்பதே சந்தேகம்.
விலாப்பக்கம் வரையவே இல்லை,
வெள்ளைத் தாளே அவர் மூச்சை வாங்கிக்கொண்டது.

கைபேசி அதிர்ந்தது.
யாரும் நிமிரவில்லை.
மறுபடி. நாற்காலிக் கால் தரையில் உறுமியது.
அவர் அசையவில்லை. சத்தியமாக அசையவில்லை.
மூன்றாம் முறை
தோள்பட்டையில் இருந்த என் கோடு
போக வேண்டிய இடத்துக்குப் போகாமல்
உள்ளே சுருண்டு
சொட்டு விட்டது.

மைக்கு அழிப்பான் கிடையாது.

முடிந்ததும் தரையில் பரப்பினோம்,
பதினோரு முதுகுகள்.
பொத்தான் போட்டபடி சுற்றி வந்தவர்
என் தாளின் முன் நின்றார்.
சொட்டைக் காட்டி, "மூன்றாவது அழைப்பு, இல்லையா?"
தலையசைத்தேன். யார் என்று கேட்கவில்லை.
கீழே விளக்குக் கடை வாசலில் நின்று
எண்ணை அழுத்திக் காதில் வைத்தார்.
மாடியிலிருந்து பார்த்தேன்:
அப்போதுதான் அந்தத் தோள்
நான் முன்பே வரைந்துவிட்ட மாதிரி வளைந்தது.

கோடுதல் என்றால் வளைதல்.
உயர்நிலை இரண்டில், தேர்வுக்கு மனனம் செய்து
தேர்வோடு மறந்தது,
பூன் கெங் தாண்டும்போது ரயிலில் திரும்பி வந்தது.
அப்புறம் யார் அதை நிமிர்த்தியது?

மறுநாள் காலை
வரைபடம் சிவப்பு வட்டத்தோடு திரும்பியிருந்தது.
ஒன்பதாம் தளத்தில் குழாய்க்குச் சரிவு இல்லையாம்.
இப்படிப் படுத்துக் கிடந்தால் தண்ணீர் நகராது.
நாற்பதுக்கு ஒன்று சாய்த்தேன்.
விரலிடுக்கில் மை இன்னும் போகவில்லை.