பதினேழு மில்லிமீட்டர்

தயாபரன் அதைத் தராசில் போட்டுத்தான் தந்தான்.
பதினொன்றரைக் கிலோ, பழைய இரும்பு விலை.
டொக்யார்ட்டில் ஏலம்போன ஏதோவொரு லேத்தின் ஸ்டெடி.
மூன்று விரல், ஒரு கீல்.
பச்சைப் பெயின்ற்றின் கீழே சாம்பல்,
சாம்பலின் கீழே இன்னொரு பச்சை.
அதன் லேத் எங்கே என்று கேட்டேன்.
"அது துண்டாகி லொறியில போயிட்டுது."

என்னுடையது பட்டாலாவில் வார்த்தது,
மட்டிக்களிக்கு வரும்போதே ஸ்டெடி இல்லாமல் வந்தது.
அதன் முதுகில் கூரைமுகடுபோல் ஒரு வரம்பு ஓடும்.
இதன் காலோ வெறும் தட்டை.
அது மில்லிமீட்டர், இது அங்குலம்.
கொழும்பு இரவு பஸ்ஸில்
ஒரே சீற்றுக்கு ரிக்கெற் வைத்திருக்கும் இருவரைப்போல
ஒன்றையொன்று பாராமல் இருந்தன.
மையத்துக்கு மையம் அளந்தேன்.
பதினேழு மில்லிமீட்டர் குட்டை.

முஸம்மிலின் ஷாஃப்ட்
முச்சக்கரவண்டியின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு வந்தது,
நுனியில் சிவப்புத் துணி.
ஆறடி, ஒன்றரை அங்குலம்.
காற்றாடியைக் கழற்ற யாரோ சுத்தியலால் அடித்து அடித்து
சென்டர்க் குழியின் வாயை மூடியிருந்தார்கள்.
"படகு கொட்பேயில நிக்குது அக்கா.
எப்ப தாறீங்க?"

அவசரம்தான் முதல் பிழை.
வரம்பின் இரு புறமும் தகடு அடுக்கினேன்:
பத்து, ஐந்து, இரண்டு.
விரல்களைக் கண்மதிப்பில் இறுக்கி
மிக மெதுவாக ஓடவிட்டேன்.
ஷாஃப்ட் சுற்றியது, நன்றாகத்தான் சுற்றியது.
பிறகு பிரிந்தன் சொன்னான்: "அக்கா, அது நடக்குது."

நடந்தது.
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மயிரிழை
சக்கின் பிடியிலிருந்து வெளியே,
கதவுப் பக்கம்,
கடல் எந்தத் திசை என்று தெரிந்ததுபோல.
சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தேன்.

ஐஸ் பக்டரி கொம்பிரசரின் உடைந்த மூடி ஒன்று
மூலையில் கிடந்தது. நல்ல வார்ப்பு.
அதிலே ஒரு கட்டை எடுக்கலாம், அடியில் வரம்புக்குப் பள்ளம்.
ஆனால் பதினேழில் பள்ளத்துக்குப் பன்னிரண்டு போனால்
மிச்சம் ஐந்து.
ஐந்து மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு பப்படம்.

ஆக, ஸ்டெடியின் காலில் எட்டைச் சீவ வேண்டும்.
கவிழ்த்துப் பார்த்தேன்.
காலடியில் யாரோ உளியால் கொத்திய இரண்டு எழுத்து,
பக்கத்தில் ஒரு நாலு.
பிரிந்தன் போனில் படம் எடுத்தான்.
"எதுக்கு?"
"சும்மா."
ஷேப்பர் முன்னும் பின்னும் போனது.
மூன்றாம் இழுப்பில் எழுத்து போயிற்று,
ஐந்தாவதில் நாலும்.
உள்ளே இரும்பு புதுச் சாம்பலாய் இருந்தது,
ஒருவருடையதும் இல்லாத சாம்பல்.

இரவு முழுக்க நீலம்.
பூசு, வை, இழு, எடு,
நீலம் ஒட்டிய மேட்டைச் சுரண்டு, மறுபடி பூசு.
ரீ கோப்பையில் நீலம், போன் திரையில் நீலம்,
காதுமடலில் எப்படி வந்ததென்று தெரியாத நீலம்.
சீனக்குடாப் பக்கம் மழை இறங்கும் சத்தம்.
ஒரு தடவை கரண்ட் போனது.
இருட்டில் அசைத்துப் பார்த்தேன்.
ஆடவில்லை.

இந்த முறை கண்ணை நம்பவில்லை.
சக்கின் வாயருகே, ஷாஃப்ட் தொய்யாத இடத்தில்
மூன்று விரலையும் தொடவைத்தேன்;
அழுத்தவில்லை, தொட மட்டும்.
பிறகு வரம்பின் வழியே நுனிவரை தள்ளினேன்.
டயல் முள்
தூக்கத்தில் புரண்டவர்போல ஒரு கோடு அசைந்து
அங்கேயே நின்றது.

எண்ணெய் விட்டு ஓட்டினேன். நடக்கவில்லை.
முகத்தைச் சீவி, புதுக்குழி போட்டு,
டேப்பரும் மரையும் முடிய விடிந்துவிட்டது.

விரல்கள் நின்ற இடத்தில்
ஷாஃப்டைச் சுற்றி ஒரு பளபளத்த வளையம்.
முஸம்மில் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தான்.
"இது என்ன அக்கா, காயமா?"
"இல்ல. பிடிச்சிருந்த இடம்."
"இதுக்குக் காசு குறைப்பீங்களா?"

குறைக்கவில்லை.
தந்த நோட்டுகளை எண்ணும்போது
ஒவ்வொன்றிலும் நீலம் ஏறியது.