வாதி தவாசிரில் ஓர் ஆளைத் தேடுவது

முதலில் பேரை மறந்துவிட வேண்டும்.
பேர் இங்கே செல்லாத காசு.
பத்து இலக்கம், இரண்டில் தொடங்குவது,
இக்காமா அட்டையில் இருக்கும்.
அட்டை ஆளோடு போயிருக்கும்.

வியாழன் மாலை புகழேந்தி
தண்ணீர் கேன் வாங்க டவுனுக்குப் போனான்.
குக்கரில் பருப்பு. நாலு விசிலில் இறக்கு என்றான்.
எட்டு வரை எண்ணிவிட்டு
அடுப்பை அணைத்தேன்.

சனிக்கிழமை அவன் பெண்சாதி செண்பகவடிவு:
"மூணு நாளா சுவிட்ச் ஆஃப்.
டவர் இல்லன்னு மட்டும் சொல்லிராதீங்க."
சொல்ல வைத்திருந்தது அதுதான்.

டேங் டப்பாவில் பணம் அனுப்பிய ரசீதுகள்,
பதினோரு மாதத்துக்குப் பதினொன்று.
கன்டெய்னர் சூட்டில் மை வெளுத்து
ஒன்றில் முதல் நாலு இலக்கம்,
இன்னொன்றில் கடைசி மூன்று.
டார்ச் அடித்து, சாய்த்துப் பார்த்து
ஒரு மனிதனை ஒட்டவைத்தேன்.
ஆறாவது இலக்கம் மட்டும்
மூன்றா எட்டா தெரியவில்லை.
மூன்று போட்டேன்: பதிவு இல்லை.
எட்டு போட்டேன்: வேறு யாரோ,
வங்காளி போல, அவனும் பாவம்.

அப்புறம் ஷுர்தாவுக்கே போவது.
சூடானி இத்ரீஸின் புல் லாரியில் அறுபது கிலோமீட்டர்,
இரண்டு பக்கமும் பச்சை வட்டங்கள்,
நடுவில் பாலைவனம் சும்மா கிடக்கிறது.
என்னுடையது பம்புசெட் அரபி:
திற, மூடு, கிரீஸ், நாளைக்கு.
இதை வைத்துக்கொண்டு
போலீஸிடம் என்ன பேச?

கவுன்ட்டரில் மீசை அரும்பிய பையன்.
ஸலாமுக்கு ஸலாம் சொன்னான், தேநீர்கூடக் கேட்டான்.
நான் சொன்ன பேரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தான்.
பகரம் பாகி வந்தது,
ழகரம் எங்கேயோ விழுந்தது,
புகாலிந்தி என்று
ஏதோ மருந்தின் பேர் மாதிரி ஆகிவிட்டது.
அப்படி யாரும் இல்லை.

"உனக்கு யார் அவன்?"
ஒரே அறையில் இருப்பவனுக்கு
அவன் படிவத்தில் கட்டம் இல்லை.
அண்ணன் என்றேன்.
"அப்பா பேர்?"
சொல்லித்தானே ஆக வேண்டும்:
சங்கிலிமுத்து.

விரல் நின்றது.
பாஸ்போர்ட்டில் முன்பின்னாக ஏறிய பேர்.
முதுகுளத்தூரைத் தாண்டாத கிழவர்,
பாஸ்போர்ட் போட்டோவுக்குக்கூட உட்காராதவர்,
செத்து ஒன்பது வருஷம்,
ஷஅபான் பதினான்காம் இரவு
வாதி தவாசிரில் கைதாகியிருந்தார்.

காரணம் என்ற பத்தியில் ஒரே சொல்.
அதைப் படிக்க எனக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை.
ஹுரூப். ஓடிப்போனவன்.
பத்தொன்பது மாதம்
ஒரே வட்டத்தின் சக்கரங்களுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டு
அந்தச் சக்கரத்தின் பின்னாலேயே நடந்தவன்.
ஓட்டமாம்.
கஃபீல் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.
சம்பளம் கேட்டது ரஜபில்.

"ரியாத் தர்ஹீலுக்கு அனுப்பியாச்சு" என்றான்.
பிறகு, அதே குரலில்,
"உன் இக்காமா?"

கொடுத்தேன்.
அருளாந்து. தகப்பன் பேர் சூசை.
அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
திரையில் என்னவோ தட்டினான்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
அட்டையைக் கவிழ்த்து வைத்து
விரலால் என் பக்கம் தள்ளினான்.

மூலையைக் காட்டினான்.
தண்ணீர் கேன், இருபது லிட்டர்,
சீல் உடைக்காதது.
இது வழக்கில் இல்லை, எடுத்துப் போ.
ஆனால் கையெழுத்து வேண்டும்,
பெற்றுக்கொண்டவர் பேர், தகப்பன் பேர்.

தமிழில்தான் எழுதினேன், யார் படிக்கப் போகிறார்கள்.
அருளாந்து, சங்கிலிமுத்து மகன்.

லாரியில் கேன் முழங்கால்களுக்கு நடுவே.
போன் அடிக்கிறது. வடிவுதான்.
இத்ரீஸ் பாட்டை நிறுத்துகிறான்.